காலை 10.42க்கு வந்த மருமகளும் மாலை 4.40க்கு வந்த மாமனாரும்

சுகர் லேண்ட், டெக்சஸ்
ஏப்ரல் 29, செவ்வாய், பிற்பகல் 1.15

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி திரு. நாகரத்தினம் அவர்களுக்கு, சிவராமகிருஷ்ணன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

ஈரோட்டில் தாங்களும் சம்பந்தி அம்மாளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாளின் முழங்கால் வலி இந்த வெயிலில் கொஞ்சம் தணிந்திருக்கும். இங்கு நான், வசந்தாமணி, முகுந்த், தங்கள் பெண் ஷ்யாமளா, பேத்தி ஸ்ம்ருதி எல்லோரும் நலம். முறைக்கு எழுத வேண்டிய வரிகள் முடிந்தன. இனி நடந்ததைச் சொல்கிறேன். நிற்கிறபடி இருந்தால் தயவுசெய்து உட்கார்ந்துகொள்ளுங்கள்.

போனில் பேசாமல் எட்டுப் பக்கம் எழுதுகிறானே என்று தாங்கள் நினைக்கலாம். இந்த ஊர் வீடுகளின் சுவர் செங்கல் சுவர் இல்லை, அட்டை. மாடியில் நான் தும்மினால் கீழே சமையலறையிலிருந்து ஷ்யாமளா "மாமா, மாத்திரை வேணுமா?" என்று கேட்கிறாள். அப்படிப்பட்ட வீட்டில் ரகசியம் பேச வழியில்லை. எழுதி, ஸ்ம்ருதியை விட்டுப் போட்டோ எடுக்கச் சொல்லி, தங்களுக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பப் போகிறேன். அவளுக்குத் தமிழ் கேட்டால் புரியும், படிக்கத் தெரியாது. அந்த ஒரு குறை இன்றைக்கு எனக்குப் பெரிய உபகாரம்.

நான் ரயில்வே கண்ட்ரோல் ஆபீசில் முப்பத்தொரு வருடம் என்ன வேலை பார்த்தேன் என்று தாங்கள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு வண்டி பதினெட்டு நிமிடம் தாமதமாக வந்தால் அந்தப் பதினெட்டு நிமிடத்தையும் ஏதாவது ஒரு பிரிவின் தலையில் எழுதியாக வேண்டும். சிக்னல்காரர்கள் இன்ஜினியரிங்கைக் கைகாட்டுவார்கள், இன்ஜினியரிங் எலக்ட்ரிகலைக் காட்டும், எலக்ட்ரிகல் போனையே எடுக்காது. கடைசியில் நான்தான் முடிவு செய்து, 'அட்ரிப்யூட்டட் டு' என்று எழுதி, அதற்கு எதிரே ஒரு பெயரைப் போட்டுக் கையெழுத்திடுவேன். ஒரு தடவை தண்டவாளத்தில் மாடு படுத்துக்கொண்டதில் ஏழு நிமிடம் போனது. அந்த ஏழு யாருடையது என்று மூன்று பிரிவுகள் இரண்டு வாரம் கடிதம் எழுதிக்கொண்டன. மாட்டைத் தவிர எல்லோரும் விளக்கம் கொடுத்தார்கள். இந்த வேலையில் ஒரு விதி உண்டு. பக்கத்துக் கோட்டத்திலிருந்து ஏற்கெனவே தாமதமாக வந்து நம் கைக்குச் சேரும் வண்டியை நம் கணக்கில் எழுதக் கூடாது. 'கைக்கு வரும்போதே தாமதம்' என்று தனியாகக் குறிக்க வேண்டும். இதைத் தாங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

நாங்கள் இங்கு வந்து இறங்கியது மார்ச் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அன்று விடியற்காலையில்தான் இந்த நாட்டுக்காரர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருக்கிறார்கள். வருடா வருடம் இப்படிச் செய்வார்களாம். ஒரு முழு மணி நேரம் நாடு முழுவதும் காணாமல் போகிறது, யாரும் யாரிடமும் விளக்கம் கேட்பதில்லை. நாங்கள் வீட்டு வாசற்படியில் கால் வைத்தபோது கடிகாரத்தில் மாலை 4.40. ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம். வசந்தாமணி வாசலிலேயே நின்றுவிட்டாள். முகுந்த், "அம்மா, நேத்து கணக்குப்படி மணி மூணு நாப்பதுதான், வா உள்ளே" என்றான். அவளோ, "ராகுவுக்கு கடிகாரத்த மாத்துனது தெரியுமா தெரியாதா, அத மொதல்ல சொல்லு" என்று கேட்டாள். இரண்டு பெட்டியும் ஒரு ஊறுகாய் ஜாடியும் வெயிலில் கிடந்தன. கடைசியில் நான்தான் "ஒண்ணும் ஆகாது" என்று சொல்லி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நுழைந்தேன். அன்றைய தேதியில் அந்த முடிவுக்கு நான்தான் பொறுப்பு.

மூன்றாம் நாள் ஏ.சி. நின்றுபோனது. நான் பதறிப்போய்க் கீழே வந்தேன். ஷ்யாமளா, "பழைய யூனிட்டு மாமா, பதினாலு வருஷமாச்சு" என்று சொல்லிவிட்டு மெக்கானிக்குக்குப் போன் போட்டாள். ஆறாம் நாள் ஃப்ரீவேயில் போகும்போது முன்னால் போன லாரியிலிருந்து ஒரு கல் பறந்து வந்து கார் கண்ணாடியில், சரியாக என் முகத்துக்கு எதிரே, அடித்துக் கீறல் விட்டது. "டெக்சஸ்ல இது எல்லார் காருக்கும் நடக்கிறதுதான் மாமா" என்றாள். பத்தாம் நாள் காலை ஒன்பது மணிக்கு முகுந்த் காபியோடு லேப்டாப்பைத் திறந்தான், அது திறக்கவில்லை. கால் மணி நேரத்தில் வேலையே போய்விட்டது என்று தகவல் வந்தது. பதினோரு வருடம் உழைத்த கம்பெனி. பையன் காபியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். நான் அவன் பக்கத்தில் போய் உட்காரக்கூடத் தைரியமில்லாமல் படிக்கட்டிலேயே நின்றேன். ஷ்யாமளாதான் என்னிடம் வந்து, "எண்ணூறு பேர வேலைய விட்டு எடுத்துட்டாங்க மாமா. அந்த எண்ணூறு பேர் வீட்டுக்கும் நீங்க போயிருந்தீங்களா என்ன?" என்று கேட்டுவிட்டுத் தோசை வார்க்கப் போய்விட்டாள்.

சம்பந்தி, என்னைத் தின்பது இதுதான். இவ்வளவு நடந்தும் 'மாமா வந்த நேரம்' என்று அந்தப் பெண் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முணுமுணுக்கவில்லை, பாத்திரத்தை ஓசையோடு வைக்கவில்லை, முகத்தில்கூடக் காட்டவில்லை. சொல்லித் தொலைத்தால் நானும் கோபப்பட்டு இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து சரியாகிவிடுவேன். சொல்லாமல் இருப்பதால் ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்வாள், இன்றைக்குச் சொல்வாள் என்று காத்திருக்கிறேன். காலையில் எழுந்ததும் பிரிட்ஜ் ஓடுகிறதா என்று தொட்டுப் பார்க்கிறேன். கீழே ஏதாவது விழுந்து உடைந்தால் நான் எந்த அறையில் இருந்தேன் என்று யோசிக்கிறேன்.

பழக்க தோஷத்தில், ஆபீசில் எழுதியது போலவே ஆங்கிலத்தில், ஒரு நோட்டும் போட்டு வைத்திருக்கிறேன். தேதி, நேரம், சம்பவம், அட்ரிப்யூட்டட் டு என்று நான்கு கட்டம். நாலாவது கட்டத்தில் ஏ.சி.க்கு எதிரே 'செல்ஃப்' என்று எழுதினேன். கண்ணாடிக்கும் 'செல்ஃப்'. முகுந்தின் வேலைக்கு எதிரே எழுதும் முன் பேனாவை இரண்டு தடவை மூடி வைத்தேன். இருந்தாலும் எழுதினேன்.

விஷயம் எவ்வளவு பெரியது என்று தங்களுக்குத் தெரிய வேண்டும். வேலை போன நாளிலிருந்து அறுபது நாளுக்குள் வேறு கம்பெனி எடுத்துக்கொள்ளாவிட்டால் இவர்கள் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். ஷ்யாமளாவின் வேலை அனுமதியும் முகுந்தின் விசாவைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. பள்ளிக்கூடம், வீடு, வருடக்கணக்காக நிற்கும் கிரீன் கார்டு வரிசை எல்லாம் அதோடு போகும். இன்றோடு நாற்பத்தொரு நாள் ஆகிவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை மதியம் ஒரு கம்பெனியில் கடைசி இன்டர்வியூ. அந்த நேரத்தில் நான் இந்தக் கூரைக்குக் கீழே இருக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

நேற்று மாலை ஸ்ம்ருதி வீட்டுப்பாடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நாலாம் வகுப்பு. வாரம் ஒரு ஆங்கில வார்த்தை கொடுத்து, அதன் அர்த்தத்தையும் அதை வைத்து நான்கு வாக்கியங்களையும் எழுதச் சொல்கிறார்கள். இந்த வார வார்த்தை என்ன தெரியுமா? அட்ரிப்யூட். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 'ஒரு விளைவை எடுத்து, அதற்கு இன்னார்தான் அல்லது இன்னதுதான் காரணம் என்று சாட்டுவது' என்று அர்த்தம் சொன்னேன். 'பதினான்கு நிமிடத் தாமதம் இன்ஜினியரிங் பிரிவுக்கு அட்ரிப்யூட் செய்யப்படுகிறது' என்று உதாரணமும் கொடுத்தேன். அவள், "நோ தாத்தா, இட் ஹேஸ் டு பி ஃப்ரம் அவர் லைஃப். அண்ட் யூ நீட் எவிடன்ஸ்" என்றாள். நான் அர்த்தம் சொன்னபோது சாட்சி வேண்டும் என்று சொல்லவில்லையாம். அதுதான் முக்கியம் என்று டீச்சர் சொன்னாராம். முப்பத்தொரு வருடத்தில் என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை.

அவள் தூங்கப் போன பிறகு, செய்யக் கூடாதுதான், அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். ஆங்கிலத்தில் அழகான கையெழுத்து. முதல் இரண்டு வாக்கியம் அவளுடைய பியானோவைப் பற்றியும் பக்கத்து வீட்டு நாயைப் பற்றியும் இருந்தன. மூன்றாவது இது: 'என் தாத்தா ஏ.சி., கார் கண்ணாடி, அப்பாவின் வேலை மூன்றையும் தனக்கே அட்ரிப்யூட் செய்கிறார். ஆனால் அதற்குச் சாட்சி இல்லை.' என் நோட்டைப் படித்திருக்கிறாள். அதையாவது தாங்கிக்கொண்டிருப்பேன். நாலாவது வாக்கியத்தைப் படித்ததும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். 'பல வருடங்களுக்கு முன்னால், வற்றிப்போன ஒரு கிணற்றைத் தாத்தா என் அம்மாவுக்கு அட்ரிப்யூட் செய்தார்.'

தங்களுக்கு இது தெரியுமோ தெரியாதோ. தெரியாவிட்டால் என் வாயாலேயே தெரியட்டும். பன்னிரண்டு வருடம் முன்பு கல்யாணம் முடிந்து ஷ்யாமளா கரூரில் எங்கள் வீட்டுக்குள் வலது காலை வைத்தது காலை 10.42க்கு. நேரம் எனக்கு மறக்காது. நாலாம் நாள் போர்வெல் வற்றி, மோட்டார் வெறும் காற்றை இழுத்தது. கூடத்தில் என் தம்பி, வசந்தாமணியின் அக்கா, இன்னும் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவர்கள் முன்னால் நான், "மருமக வந்த நேரம், போர் வத்திப் போச்சு" என்று சொன்னேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன், ஆனால் சொன்னேன். சமையலறை வாசலில் அவள் காபித் தட்டோடு நின்றது எனக்குத் தெரியும். அவள் எல்லோருக்கும் காபி கொடுத்தாள், எனக்கும் கொடுத்தாள்.

இதற்கு மேலும் ஒன்று இருக்கிறது, அதை வசந்தாமணியிடம்கூடச் சொன்னதில்லை. கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பே அந்தப் போரிலிருந்து சேறாகத்தான் வந்தது. மோட்டார் மெக்கானிக், "சார், இது தாங்காது, இன்னும் நூறடி எறக்குங்க" என்று சொன்னார். வீடு நிறைய விருந்தாள் வருகிற சமயத்தில் தோண்டிப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டாம் என்று நான்தான் தள்ளிப் போட்டேன். அது கைக்கு வரும்போதே தாமதமான வண்டி, சம்பந்தி. அதைத் தெரிந்தே தங்கள் பெண்ணின் கணக்கில் எழுதினேன். ஆபீசில் இப்படிச் செய்திருந்தால் எனக்கு சார்ஜ் ஷீட் கொடுத்திருப்பார்கள். வீட்டில் காபி கொடுத்தார்கள். இன்றைக்கு அவள் வீட்டில், அவள் போட்ட தோசையைத் தின்றுகொண்டு, அவள் சொல்லப் போகும் அதே வார்த்தைக்காகக் காத்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆகையால் தங்களிடம் ஒரு உதவி. வியாழக்கிழமைக்குள் தாங்கள் ஒரு போன் செய்து, ஏதாவது ஒரு காரணத்தைச் சொல்லி எங்களை உடனே ஊருக்குக் கூப்பிட வேண்டும். கரூர் வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்றாலும் சரி, தங்களுக்கே உடம்பு சரியில்லை என்றாலும் சரி. (தங்களுக்கு ஒன்றும் ஆகாது, நூறு வயது இருப்பீர்கள், பேச்சுக்குச் சொல்கிறேன்.) நானாகக் கிளம்பினால் முகுந்த் விட மாட்டான். தங்கள் வார்த்தைக்கு மறுப்பு இருக்காது. வெள்ளிக்கிழமைக்குள் நான் இந்த ஊரை விட்டுப் போய்விட்டால் பையன் பிழைத்துக்கொள்வான். இந்தக் கடிதத்தைப் படித்ததும் அழித்துவிடவும். ஷ்யாமளாவுக்கு ஒரு எழுத்தும் தெரியக் கூடாது.

சம்பந்தி அம்மாளுக்கு என் நமஸ்காரம், அங்குள்ள சின்னக் குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். தங்கள் குலதெய்வம் இரண்டு வீட்டுக்கும் சேர்த்தே துணை இருக்கட்டும். முன்பு நான் செய்த தப்பை மனதில் வைத்துக்கொள்ளாமல் போன் மட்டும் செய்யுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பும் நடுக்கமும் மிகுந்த,
சிவராமகிருஷ்ணன்

பின்குறிப்பு (மே 2, வெள்ளி, மாலை 5.10, இதை நானே தனியாக அனுப்புகிறேன்):

போன் செய்ய வேண்டாம்.

மேலே உள்ள எட்டுப் பக்கமும் தங்களுக்கு மட்டும் வரவில்லை என்பது தங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். 'நாகரத்தினம் தாத்தாவுக்கு அனுப்பு' என்றேன். குழந்தை தங்கள் பெயரைத் தேடி, கல்யாணத்தின்போது ஆங்கில எழுத்தில் ஆரம்பித்த 'நாகரத்தினம் சிவராமகிருஷ்ணன் இல்லத் திருமணம்' குரூப்பில் போட்டுவிட்டாள். முப்பத்தேழு பேர். அன்று இரவுக்குள் என் தம்பி போன் செய்து கரூர் வீட்டில் கரையான் பிடித்துவிட்டது என்றான். வசந்தாமணியின் அக்கா கூரை ஒழுகுகிறது என்றார். இன்னொருவர், பெயர் வேண்டாம், தனக்கே மூச்சு முட்டுகிறது என்று நன்றாக மூச்சு விட்டுக்கொண்டே சொன்னார். எல்லாவற்றையும் முகுந்த் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டான். தாங்கள் மட்டும் என்னைக் கூப்பிடவில்லை. ஷ்யாமளாவிடம் நாற்பது நிமிடம் பேசினீர்கள். அதுதான் நியாயம்.

பேசி முடித்துவிட்டு அவள் மாடிக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது. நான் எழுந்து நின்றேன்.

"உட்காருங்க மாமா. எட்டு பக்கமும் படிச்சேன்."

நான் உட்காரவில்லை.

"பன்னெண்டு வருஷமா எங்க அப்பாகிட்ட இத நான் சொன்னதே இல்ல. அவர் தாங்க மாட்டாருன்னு. இப்ப நீங்களே சொல்லிட்டீங்க."

"ஸ்ம்ருதிகிட்ட மட்டும் எப்பம்மா சொன்ன?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"வேணும்னு சொல்லல மாமா. அந்த வார்த்தைக்கு அர்த்தம் கேட்டா. ஒரு உதாரணம் சொல்லணும்ல? எனக்கு டக்குனு ஞாபகம் வந்தது அது ஒண்ணுதான்."

சம்பந்தி, முப்பத்தொரு வருடமாக அந்த வார்த்தையை எழுதியிருக்கிறேன். அதன் அர்த்தம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. "தப்பு என்னுதும்மா. போர் அதுக்கு முன்னாடியே போயிடுச்சு. தெரிஞ்சேதான் சொன்னேன்" என்றேன். எழுதியதைத்தான் திரும்பச் சொன்னேன், இருந்தாலும் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வது வேறாக இருந்தது. பிறகு, "அவர் ஆபீஸ்ல ஆள வேலைய விட்டு எடுக்கிற லிஸ்ட்ட ஜனவரியிலேயே போட்டாச்சாம் மாமா. நீங்க மார்ச்சுல வந்தீங்க. உங்க ரூல்படி அது யாரு கணக்கு?" என்று கேட்டாள்.

"கைக்கு வரும்போதே தாமதம்" என்றேன்.

"ம். அப்ப பெட்டிய கட்டாதீங்க. வெள்ளிக்கிழம அவர் இன்டர்வியூல இருப்பாரு, எனக்கு ஆபீஸ் போயே ஆகணும். மூணு இருபத்தஞ்சுக்கு முக்குல ஸ்ம்ருதியோட ஸ்கூல் பஸ் வரும். பெரியவங்க யாராவது நின்னாத்தான் எறக்கி விடுவாங்க. நீங்க போகணும்." சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். மன்னித்துவிட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கிற உரிமை எனக்கு இல்லை. ஆனால் வேலை கொடுத்திருக்கிறாள்.

முகுந்தின் இன்டர்வியூ நன்றாகப் போனதாம். கடைசி என்று சொன்னதற்குப் பிறகு இன்னும் ஒரே ஒரு சுற்று உண்டாம், செவ்வாய்க்கிழமை. "செவ்வாயா?" என்று வசந்தாமணி வாயைத் திறந்தாள். நான் அவள் காலை மெதுவாக மிதித்தேன்.

பஸ்ஸுக்கு நான் இரண்டே முக்காலுக்கே போய் முக்கில் நின்றுவிட்டேன். மஞ்சள் பஸ் 3.29க்கு வந்தது. ஸ்ம்ருதி குதித்து இறங்கி, என் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ஃபோர் மினிட்ஸ் லேட், தாத்தா! ஆஸ்க் ஹர் வை!" என்றாள். டிரைவர் அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்துக் கை அசைத்தார். நானும் அசைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் நோட்டில் எழுதினேன். மே 2, மாலை 3.29, ஸ்கூல் பஸ், நான்கு நிமிடம் தாமதம். நாலாவது கட்டத்தில் எதுவும் எழுதவில்லை.